பேய்க்கதை எழுதணும்னா வேலைய விடணுமா?

தம்பி கேட்டத சுருக்கி சொல்லிடுறேன், இல்லனா படிக்கிறவங்களுக்கு புரியாது. வயசு 27, சென்னையில நைட் ஷிப்ட் சப்போர்ட் வேலை, ஸ்கூல்ல இருந்தே பேய்க்கதை எழுதணும்னு ஆசை, கையில 18 மாசம் ஓட்டுற அளவு காசு இருக்கு, வேலைய விட்டுட்டு முழுநேரமா உக்காந்து எழுதவா, அமெரிக்காவுல பேய்க்கதை எழுதியே பெரிய ஆளான ஸ்டீபன் கிங் மாதிரி தமிழ்ல ஒருத்தர் வர முடியாதான்னு கேட்டிருக்காரு. கூடவே ஒரு புலம்பல். ராத்திரி பூரா ஸ்க்ரீன பாத்துட்டே உக்காந்திருக்கணுமாம், ரெண்டு வருஷம் முன்னாடி இழுத்து மூடின ஒரு பிராஞ்ச்ல இருந்து தினம் 3 மணிக்கு பிரிண்டர்ல பேப்பர் தீந்துடுச்சுன்னு அலர்ட் வருமாம், அத நிறுத்த ஆளில்ல, இவரு மியூட் பண்ணிட்டு டீ குடிக்க போவாராம், இதெல்லாம் ஒரு பொழப்பாண்ணேன்னு கேக்குறாரு.

நான் திருநெல்வேலி பக்கம் ஒரு பத்திர எழுத்தர் ஆபீஸ்ல வேலை பாக்குறேன், சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸுக்கு எதுத்தாப்ல தகர ஷெட்டு, ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். 11 வருஷமா பேய்க்கதை எழுதுறேன். பெரிய பேர் எல்லாம் இல்ல, ஆனா இந்த பொழப்போட உள்பக்கம் தெரியும், அதனால சொல்றேன்.

வேலைய விடாதீங்க. காசு ஒரு காரணம், அதுக்கு அப்புறம் வரேன். அத விட பெரிய காரணம் வேற ஒண்ணு இருக்கு, அத உங்க ஆள வச்சே சொல்றேன்.

கிங்க பத்தி எல்லாரும் சொல்ற கதை, எழுதின பக்கத்த கசக்கி குப்பையில போட்டாரு, பொண்டாட்டி எடுத்து நீவி படிச்சு பாத்து இத முடின்னு சொன்னாங்க, ‘கேரி’ன்னு புக்கு வந்துச்சு, கோடீஸ்வரன் ஆயிட்டாருங்குறது. உண்மைதான். ஆனா அந்த குப்பைக்கூடைக்கு முன்னாடி இருக்குற வருஷங்கள யாரும் பேச மாட்டாங்க. 1970-ல மெய்ன்ங்குற மாநிலத்து யுனிவர்சிட்டில டிகிரி முடிச்சாரு, வாத்தியார் வேலை உடனே கிடைக்கல, பெட்ரோல் பங்க்ல நின்னாரு, அப்புறம் பாங்கோர் ஊர்ல ஒரு லாண்டரியில மணிக்கு 1.60 டாலருக்கு துணி அலசினாரு. நம்ம ஊர் இஸ்திரி கடைன்னு நினைச்சுக்காதீங்க, ஆஸ்பத்திரி பெட்ஷீட், ரெஸ்டாரன்ட் மேஜை விரிப்புன்னு மூட்டை மூட்டையா வர்ற பெரிய லாண்டரி. ஆஸ்பத்திரி துணியில ரத்தம், கடல்மீன் விக்கிற ஹோட்டல் துணியில புழு, வெயில் காலத்துல அந்த புழு கை மேல ஏறுமாம். அங்க ஒருத்தருக்கு ரெண்டு கையும் கிடையாது, பல வருஷம் முன்னாடி பெட்ஷீட் அழுத்துற மெஷின்ல மாட்டி போயிடுச்சு, அதுக்கு பதிலா இரும்பு கொக்கி. அந்த மனுஷன் ஒரு கொக்கிய சுடுதண்ணியிலயும் இன்னொண்ண பச்சத்தண்ணியிலயும் காட்டிட்டு, பின்னாடி பூனை மாதிரி வந்து கழுத்துல ரெண்டையும் வைப்பாராம், விளையாட்டுக்கு. அந்த துணி அழுத்துற மெஷினுக்கு பேய் பிடிக்கிற மாதிரி கிங் ஒரு கதை எழுதினாரு பின்னாடி. வீட்டுல உக்காந்து யோசிச்சா இந்த கொக்கி வருமா தம்பி?

இன்னொண்ணு பாருங்க. ஸ்கூல் படிக்கும்போதே ஊர்ல இருந்த துணி மில்லுல வேலை பாத்திருக்காரு. ஜூலை லீவுல மில்ல மூடி அடித்தளத்த சுத்தம் பண்ணுவாங்க, அந்த வேலைக்கு இவர சேத்துக்கல, போனவன் வந்து கீழ எலி பூனை சைஸ்ல இருக்குன்னு சொன்னான். அவ்வளவுதான். இவரு அந்த எலிய பாக்கவே இல்ல, காதுல விழுந்ததோட சரி. சில வருஷம் கழிச்சு அது கதையாச்சு, 200 டாலருக்கு வித்துச்சு. லாண்டரில வாரம் 40 மணி நேரம் நின்னா 64 டாலர், அப்போ அந்த எலி மூணு வார கூலிக்கு மேல.

குப்பையில இருந்து எடுத்த அந்த புக்கு இருக்கே, அதுவும் வேலையில இருந்துதான் வந்துச்சு. ஒரு ஸ்கூல்ல கூட்டிப் பெருக்குற வேலைக்கு போனப்ப பொண்ணுங்க குளிக்கிற ரூம்ல சுவத்து துரு தேய்க்க சொன்னாங்க, ஆம்பள பசங்க பக்கம் இல்லாத திரைச்சீலையும் சுவத்துல ஒரு டப்பாவும் இருக்குறத பாத்து அது மாதவிலக்குக்கு உள்ளதுன்னு கூட இருந்தவர கேட்டு தெரிஞ்சுக்கிட்டாரு. அது மண்டையில வருஷக்கணக்கா கெடந்து, அப்புறம் முதல் சீனா வந்து உக்காந்துச்சு.

அதுக்காக எந்த வேலையா இருந்தாலும் நல்லதுன்னு சொல்ல வரல. 1971-ல ஹாம்ப்டன்ல ஒரு ஸ்கூல்ல இங்கிலீஷ் வாத்தியாரா சேந்தாரு, வருஷத்துக்கு 6,400 டாலர், லாண்டரிய விட நல்ல சம்பளம், மரியாதை. ஆனா அப்பதான் எழுத்து திணறுச்சுன்னு அவரே சொல்லியிருக்காரு. நாள் முழுக்க பிள்ளைங்க முன்னாடி பேசி, ராத்திரி அதுங்க கட்டுரைய திருத்தி முடிச்சா மண்டையில ஒண்ணும் மிச்சமில்ல. துணி அலசும்போது உடம்புதான் தேஞ்சுது, மூளை சும்மா இருந்துச்சு. அதனால வேலை போரடிக்குதான்னு கேக்காதீங்க, போரடிச்சா நல்லது. எழுதுறதுக்கு வேணும்ங்குற அதே சரக்க அந்த வேலை உறிஞ்சுதான்னு பாருங்க. கன்டென்ட் ரைட்டிங் வேலைக்கு போயிடலாம், எழுத்தோட தொடர்புலயே இருக்கலாம்னு நினைக்கிற பசங்களுக்கு நான் எப்பவும் இதத்தான் சொல்றது, பகல்ல மிக்ஸி கிரைண்டர பத்தி 3000 வார்த்தை எழுதிட்டு ராத்திரி பேய எழுப்புறது ரொம்ப கஷ்டம்.

அந்த காலத்துல அவங்க வாழ்க்கை எப்படி இருந்துச்சுன்னா, ஒரு டிரெய்லர் வீடு, அதுல வாஷிங் மெஷின் வைக்கிற இடுக்குல, தொடை மேல குழந்தைங்க எழுதுற சின்ன மேஜைய வச்சுக்கிட்டு, பொண்டாட்டியோட டைப்ரைட்டர்ல தட்டுவாரு. அந்தம்மா டபிதா டோனட் கடையில வேலை. ஒரு தடவ பிள்ளைக்கு காதுல சீழ், மருந்து வாங்க காசில்ல, வீட்டுக்கு வந்தா லெட்டர் பாக்ஸ்ல ஒரு கதைக்கு 500 டாலர் செக் கெடக்குது. கேக்க சினிமா மாதிரி நல்லா இருக்கும். செக் வராத மாசங்கள்தான் ஜாஸ்தி, போன் பில் கட்ட முடியாம போன் கனெக்சனையே எடுத்துட்டாங்க, அதனாலதான் புக்கு எடுத்துக்குறோம்னு பதிப்பாளர் தந்தி அடிக்க வேண்டியதா போச்சு. அட்வான்ஸ் 2,500 டாலர். அந்த காசுக்கு அவரு வேலைய விடல, கவனிங்க. 1973-ல பேப்பர்பேக், அதாவது மெல்லிசு அட்டை மலிவு பதிப்புக்கான உரிமை 4 லட்சம் டாலருக்கு போயி அதுல பாதி இவருக்குன்னு ஆனப்புறம்தான் விட்டாரு. புக்கு கடைக்கு வந்தது 1974. அதுக்கு முன்னாடி எழுதின முழு நாவல்களே மூணு நாலு யாரும் எடுக்காம வீட்டுல கெடந்துச்சு.

இப்ப நம்ம காசு கணக்குக்கு வரேன், ஏன்னா 4 லட்சம் டாலர் பேப்பர்பேக்குங்குற ஒரு சமாச்சாரமே நம்ம பக்கம் கிடையாது.

அச்சு புக்கு. 200 ரூபா விலை, பத்து சதவீதம் ராயல்டி, புது ஆளுக்கு 300 காப்பி அடிப்பாங்க, எல்லாம் வித்தா 6,000 ரூபா. எல்லாம் விக்காது. ஜனவரி சென்னை புத்தகக் கண்காட்சிக்கு புக்கு வரணும்னு டிசம்பர்ல எல்லாரும் ஓடுவாங்க, ஃபுரூஃப் திருத்த நேரம் இருக்காது, என் முதல் தொகுப்புல ‘பிணம்’னு வர வேண்டிய ஒரு இடத்துல ‘பணம்’னு வந்துடுச்சு, கட்டில்ல பணம் எழுந்து உக்காந்துச்சாம், இன்னைக்கும் என் சித்தப்பா மவன் அத சொல்லி சிரிப்பான். உங்க காசு போட்டு அடிச்சு தரோம்னு சொல்றவங்க கிட்ட மட்டும் போயிடாதீங்க, அது கல்யாண பத்திரிகை அடிக்கிறதுக்கு சமம், நீங்கதான் வீடு வீடா போயி கொடுக்கணும்.

அமேசானோட மின்புத்தகக் கடையான கிண்டில்ல தமிழ் வந்தது 2016 கடைசியில. அதுல ஒரு சிக்கல் இருக்கு, இந்தியாவுல விக்கிறதுக்கு 70 சதவீத ராயல்டி வேணும்னா கேடிபி செலக்ட்ங்குற அவங்க திட்டத்துல சேக்கணும், சேத்தா 90 நாளைக்கு அந்த மின்புத்தகம் வேற எங்கயும் இருக்கக்கூடாது. சேக்கலன்னா 35 சதவீதம்தான். அப்போ பிரதிலிபிங்குற கதை படிக்கிற ஆப்ல ஃப்ரீயா தொடரா போட்டு ஆள் சேத்தீங்கன்னா, கிண்டிலுக்கு போறப்ப அத தூக்கணும், தூக்கினா அங்க இருக்குற வாசகர்கள் கோவிச்சுக்குவாங்க, 14-ம் அத்தியாயத்துக்காக காத்திருந்த அக்கா ஒருத்தங்க எனக்கு சாபமே விட்டாங்க. கிண்டில்ல சந்தா கட்டி படிக்கிறவங்க எத்தன பக்கம் புரட்டுறாங்களோ அதுக்குத்தான் காசு, அதனால பல பேரு இழுத்து இழுத்து 600 பக்கம் எழுதுறாங்க. காதல் கதைய இழுக்கலாம், குடும்பக் கதைய இழுக்கலாம், பயத்த அப்படி இழுக்க முடியாது, நாப்பது பக்கத்துல முடிய வேண்டியத நானூறா ஆக்கினா பேய் நம்ம வீட்டு ஆளு மாதிரி ஆயிடும், வாங்க உக்காருங்கன்னு காபி போட்டு கொடுக்கலாம். பயம் சிறுகதைக்கு பொருந்துற சரக்கு, காசு தொடர்கதைக்கு வருது, நம்ம கஷ்டமே இதுதான்.

முதல் மூணு வருஷத்துல எனக்கு மொத்தமா வந்தது 4,300 ரூபா. இப்ப மாசம் சராசரியா ரெண்டாயிரம் மூவாயிரம் வருது, ஏதாவது ஆடியோவுக்கு உரிமை கேட்டா அந்த மாசம் பத்து. அதுக்கு மேல வந்த வருஷம் ஒண்ணே ஒண்ணு. உங்க 18 மாச சேவிங்ஸ் இத வச்சு கணக்கு போடுங்க. 16-வது மாசத்துல நீங்க எழுதப் போறது பேய்க்கதையா இருக்காது, யாருக்கு என்ன வேணுமோ அதுவா இருக்கும். காசு பயம் வந்துட்டா மத்த பயம் எதுவும் மனசுல ஒட்டாதுங்குறது என் அனுபவம், பொண்டாட்டி மாசமா இருந்தப்ப ஆறு மாசம் ஒரு வரி எழுத வரல எனக்கு.

திருட்டு பத்தியும் சொல்லிடணும். ராத்திரி பேய்க்கதை வாசிக்கிற யூடியூப் சேனல் ஒண்ணு என் கதைய ஊர் பேர மட்டும் மாத்தி, உண்மை சம்பவம்னு போட்டு வாசிச்சுட்டாங்க, ரெண்டு லட்சம் பேரு பாத்திருக்காங்க. மெயில் போட்டேன், பதிலே இல்ல. கீழ ஒருத்தரு இது எங்க தாத்தாவுக்கு நெசமாவே நடந்துச்சுன்னு சாட்சி வேற சொல்லியிருந்தாரு. கோவப்படுறதா பெருமைப்படுறதான்னே தெரியல. அதுல இருந்து எழுதினத தேதியோட எனக்கே மெயில் பண்ணி வச்சுக்குவேன், வெளியிடுற அன்னைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருவேன், சண்டை போட ஒரு காகிதமாவது கையில இருக்கணும். தொழில் புத்தி.

தொழில்னதும் என் விஷயத்துக்கு வரேன். பத்திர ஆபீஸ் வேலை எனக்கு பிடிக்காமதான் சேந்தேன். மூலப்பத்திரத்த பாத்து அடிச்சு, நாலு மால், அதாவது நாலு பக்க எல்லை, சரியா இருக்கான்னு பாத்து, வில்லங்கம் போட்டு பாத்து, டோக்கன் போட்டு, கைநாட்டு வைக்கிற ஆச்சிங்கள கைய புடிச்சு கூட்டிட்டு போயி, இதுல எங்க இருந்து கதைன்னு நாலு வருஷம் அழுதேன். அப்போ நான் எழுதினது எல்லாம் மலைமேல பங்களா, இடி மின்னல், வெள்ளைப் புடவை. நான் பங்களாவுக்குள்ள காலு வச்சதே கிடையாது.

அப்புறம் ஒரு நாள் 1958-ம் வருஷத்து பாகப்பிரிவினை ஒண்ணு கைக்கு வந்துச்சு, அண்ணன் தம்பி வீட்டப் பிரிச்சுக்கிட்டது. கீழ்பக்கம் அண்ணனுக்கு, மேல்பக்கம் தம்பிக்கு, கிணத்துல பாதி பாதி பாத்தியம், எல்லாம் வழக்கமா வர்றதுதான். ரெண்டு பேரு ஷெட்யூல்லயும் கடைசியில ஒரே வரி, ‘கன்னி மூலையில் உள்ள ஒரு அறை நீங்கலாக.’ அண்ணனுக்கும் இல்ல, தம்பிக்கும் இல்ல. அப்போ யாருக்கு? எங்க ஆபீஸ் பெரியவரு சிரிச்சாரு, லேய் அது அந்த வீட்டு கன்னிக்கு உள்ள ரூம்பு, கல்யாணம் ஆகாம செத்துப்போன புள்ள, வருஷா வருஷம் பாவாடை சட்டை எடுத்து பெட்டியில வச்சு கும்பிடுவாங்க, அத எப்படி பங்கு போடுவான்னாரு. எங்க பக்கம் நெறைய வீட்டுல உள்ள வழக்கம்தான், எனக்கு தெரியாததும் இல்ல. ஆனா ‘நீங்கலாக’ங்குற அந்த வார்த்தை அன்னைக்கு ராத்திரி என்ன தூங்க விடல. அறுபது வருஷமா யாரு பேருலயும் இல்லாத ஒரு ரூம்பு. வில்லங்கத்துல வராது. வீட்ட வாங்குறவன் மொத்த காசும் கொடுத்து ரெண்டு பாதியயும் வாங்கிடலாம், அந்த ரூம்ப எவனும் அவனுக்கு எழுதிக் கொடுக்க முடியாது.

அதத்தான் கதையா எழுதினேன், வீட்ட வாங்கின வெளியூர்காரன் அந்த ரூம்போட ஓனர கண்டுபிடிச்சு கையெழுத்து வாங்கிட்டு வான்னு பத்திர ஆபீஸ் பையன அனுப்புறான், பையன் கண்டுபிடிச்சுடுறான். இடி இல்ல, மின்னல் இல்ல, பாதி கதை பத்திர நடையிலயே போகும், ‘சுய அறிவுடனும் பூரண சம்மதத்துடனும்’னு. அத்தன வருஷம் வாய்க்குள்ள கெட்ட வார்த்தையா இருந்த அந்த நடை அன்னைக்கு எனக்கு சோறு போட்டுச்சு. என் பேர பத்து பேருக்கு தெரிய வச்சது அந்த ஒரு கதைதான்.

அதுலயும் ஒரு அடி வாங்கினேன். முதல்ல எழுதினதுல அந்த புள்ள ரத்தம் குடிக்கிற மாதிரி முடிச்சிருந்தேன். எங்கம்மாவுக்கு வாசிச்சு காட்டினேன், பாதியில எந்திரிச்சு போயிட்டாங்க, கன்னியப் போயி பேயாக்கி வச்சிருக்கியே, வெளங்குவியான்னு ரெண்டு நாள் பேசல. அவங்க சொன்னதுல மூடநம்பிக்கைய விட வேற ஒரு விஷயம் இருக்கு. எங்க பக்கம் இசக்கி, சுடலை எல்லாம் பேய் கிடையாது, சாமி. கோயில் கொடையில வில்லுப்பாட்டு கேட்டிருக்கீங்களா, ராத்திரி பூரா பாடுவாங்க, அநியாயமா செத்தவங்க, அவங்களுக்கு யாரு என்ன செஞ்சா, அவங்க எப்படி திரும்ப வந்தாங்கன்னு. கேக்குற சனம் பயப்படும், அழுவும், கும்பிடும், மூணும் ஒரே நேரத்துல. இங்கிலீஷ் படம் பாத்து எழுதுறப்ப நமக்கு அந்த அழுகையும் கும்பிடும் விட்டுப் போயிடுது, வெறும் பயம் மட்டும் மிஞ்சுது. முடிவ மாத்தினேன், அந்த புள்ள யாரையும் ஒண்ணும் பண்ணல, கையெழுத்து மட்டும் போடுது. அதுதான் படிச்சவங்கள தூங்க விடல.

பயம் வீட்டுக்குள்ள இருந்துதான் வரும்ங்குறத இங்க ரொம்ப முன்னாடியே புதுமைப்பித்தன் செஞ்சு காட்டிட்டாரு. 1943-ல தொகுப்பா வந்த காஞ்சனைய எடுத்து படிங்க, அதுல கதை சொல்றவனே ஒரு கதாசிரியன்தான், பேய் வர்றது வீட்டு வேலைக்கு சேந்த பொம்பளையா. அவரும் பத்திரிகை ஆபீஸ்ல உதவி ஆசிரியரா உக்காந்து மாரடிச்சவருதான், கடைசியில சினிமா வசனம் எழுத புனே போயி, உடம்பு கெட்டு, 1948-ல 42 வயசுல போயிட்டாரு. எழுத்த நம்பி பொழைக்கப் போனவங்க கதை நம்ம மொழியில பெரும்பாலும் இப்படித்தான் முடியுது, அதனாலதான் 18 மாசம்னு நீங்க சொன்னதும் எனக்கு பக்குன்னுச்சு.

எப்ப எழுதுறதுன்னும் கேட்டிருந்தீங்க. நான் காலைல நாலரைல இருந்து ஆறரை, பால்காரன் வர்ற வரைக்கும். பேய்க்கதைய ராத்திரி எழுதினாத்தான் வரும்ங்குறது சும்மா, ராத்திரி எழுதினா நீங்க பயப்படுவீங்க, படிக்கிறவன் பயப்பட மாட்டான். ஒரு நாளைக்கு 300 வார்த்தை வந்தா போதும் எனக்கு, கிங் 2,000 எழுதினதா சொல்லியிருக்காரு, அவருக்கு இப்ப டோக்கன் போடுற வேலை இல்ல. எழுதினத பட்டப்பகல்ல, டீக்கடை இரைச்சல்ல ஒரு தடவ படிச்சு பாக்குறது ரொம்ப முக்கியம், அங்கயும் உங்களுக்கு முதுகுல சிலுத்துச்சுன்னா அந்த வரி நிக்கும். நைட் ஷிப்ட்காரர் நீங்க, ஷிப்ட் முடிஞ்சு வந்து தூங்கி எந்திரிச்சு சாயங்காலம் ஒரு மணி நேரம் பாருங்க, லீவு நாளுக்குன்னு சேத்து வைக்காதீங்க, லீவு நாள்ல எவனும் எழுதினது கிடையாது.

பத்திரிகைக்கு அனுப்புறதுன்னா அனுப்புங்க, ஆனா சினிமால பேய்னாலே காமெடின்னு ஆன பிறகு கொஞ்சம் சிரிப்பு இருக்குற மாதிரி இருந்தா குடுங்களேன்னு சில பேரு கேக்குறாங்க. மறுத்துட்டு வந்தா ஒண்ணும் நஷ்டமில்ல.

கடைசியா ஒண்ணு. நீங்க அனுப்பியிருந்த மூணு கதையயும் படிச்சேன். ஒண்ணு கொடைக்கானல் பங்களா, ஒண்ணு லண்டன், ஒண்ணு ஜமீன் அரண்மனை. மூணுலயும் இடி இடிக்குது. நடை நல்லா இருக்கு, ஆனா எனக்கு ஒண்ணும் ஆகல, தூங்கிட்டேன். உங்க புலம்பல்ல இருந்த அந்த நாலு வரியத்தான் நேத்துல இருந்து நினைச்சுட்டே இருக்கேன். பிராஞ்ச் மூடி ரெண்டு வருஷம் ஆச்சு, தினம் 3 மணிக்கு பேப்பர் தீந்துடுச்சுன்னு அலர்ட் வருது, நீங்க மியூட் பண்ணிட்டு டீ குடிக்க போறீங்க. சரி தம்பி, தினமும் தீந்து போகணும்னா தினமும் யாரோ பேப்பர் வைக்கணும்ல?